டானர் கணவாயில் 9 மணி நேரம், சம்பளச் சீட்டில் 101 டாலர்

சீட்டில் இரண்டே வரிகள். 135 மைல், மைலுக்கு 60 சென்ட், ஆக 81 டாலர். அதற்குக் கீழே "செயின்" என்று போட்டு 20 டாலர், பனியில் சறுக்காமலிருக்க டயரில் சங்கிலி மாட்டியதற்கு. 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் வெஸ்ட் சாக்ரமெண்டோவிலிருந்து நெவாடாவில் ரெனோவை ஒட்டியிருக்கும் ஸ்பார்க்ஸ் வரை சரக்கு ஏற்றிப் போன ஒரு டிரைவருக்கு, ஒரு பனிநாளுக்குக் கிடைத்த மொத்தக் கூலி இது. சாலை காய்ந்திருந்தால் இரண்டரை மணி நேரத்தில் முடிகிற ஓட்டம். அன்றைக்கு 9 மணி நேரம் ஆனது.

நான் இந்தப் பக்கத்தில் சிறு டிரக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். சீட்டைக் கொண்டுவந்தவர் பஞ்சாபி, நான் பாஜி (அண்ணன்) என்று கூப்பிடுவேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த நெடுஞ்சாலையில் ஓடும் டிரைவர்களில் பஞ்சாபிகள் நிறைய. அவர் சொந்த டிரக் வைத்திருப்பவர் அல்ல, கம்பெனியின் ஊழியர். அது முக்கியம், பின்னால் வரும். கம்பெனி பெயர் வேண்டாம், எண்களையும் கணக்குக்கு வசதியாக முழுதாக்கிக்கொண்டேன். பாஜியின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சங்கிலி மாட்டியதற்கு 20 டாலர் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் ஏன் எனக்கு ஏமாந்த மாதிரியே இருக்கிறது?"

முதலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஐ-80 நெடுஞ்சாலை சாக்ரமெண்டோவில் கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 90 மைலில் டானர் உச்சி, 7,239 அடி. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து, வைத்திருப்பதையெல்லாம் பனியாகக் கொட்டிவிடும். உச்சிக்குப் பக்கத்தில் சோடா ஸ்பிரிங்ஸில் இருக்கும் பனி ஆய்வகத்தில் 2022-23 குளிர்காலத்தில் மட்டும் 754 அங்குலம் பதிவானது, அதாவது 19 மீட்டருக்கு மேல். 2024 மார்ச் தொடக்கத்தில் வந்த பனிப்புயலில் கோல்ஃபாக்ஸ் பக்கத்திலிருந்து நெவாடா எல்லை வரை நெடுஞ்சாலையையே மூடிவிட்டார்கள். ஓக்லண்ட் துறைமுகத்திலிருந்து கிழக்கே போகும் சரக்குக்கு இதுதான் முதல் வழி என்பதால், பனி என்று சொல்லி ஒதுங்கிவிடவும் முடியாது.

கலிபோர்னியாவின் சாலைத்துறை கால்ட்ரான்ஸ் பனிக்காலத்தில் மூன்று நிலை வைத்திருக்கிறது. ஆர்-1, ஆர்-2, ஆர்-3. நல்ல பனி டயர் போட்ட கார்களுக்கு முதல் நிலையிலும், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகளுக்கு இரண்டாம் நிலையிலும் விலக்கு உண்டு. மூன்றாம் நிலையில் யாருக்கும் விலக்கில்லை, ஆனால் அந்த நிலை வருவதற்குள் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள். பெரிய டிரக்குக்கு இந்தப் படிகளெல்லாம் இல்லை, முதல் நிலை அறிவித்தவுடனேயே சங்கிலி மாட்டியாக வேண்டும்.

பாஜியின் வண்டியில் இருக்கும் மின்னணுப் பதிவேடு அன்றைக்கு நடந்ததை நிமிடக் கணக்கில் வைத்திருந்தது. காலை 10 மணிக்குக் கிளம்பினார். 11 மணிக்கு ஆப்பிள்கேட் பக்கம் டிரக்குகளை நிறுத்தி வைத்துவிட்டார்கள், மேலே ஒரு டிரக் குறுக்கே திரும்பி நின்றுவிட்டதாம். மூன்று மணி நேரம் வரிசையில். 2 மணிக்கு விட்டார்கள். முக்கால் மணி நேரம் ஏறி நயாக் வந்தார், அங்கே சங்கிலி மாட்ட ஒரு மணி நேரம். 3.45க்குக் கிளம்பி, சங்கிலி போட்ட வண்டிக்கு உரிய 30 மைல் வேகத்துக்குள், சில இடங்களில் அதற்கும் கீழே, உச்சியைத் தாண்டி 5.30க்கு டிரக்கி என்ற ஊர். அங்கே சங்கிலியைக் கழற்ற அரை மணி. 7 மணிக்கு ஸ்பார்க்ஸ். ஓட்டியது நாலரை மணி நேரம், ஓட்டாமல் உழைத்ததும் காத்திருந்ததும் நாலரை மணி நேரம். சரிபாதி.

சங்கிலி மாட்ட ஒரு மணி நேரமா என்று கேட்பவர்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இரட்டை டயர் இரண்டையும் சேர்த்து மூடும் சங்கிலி ஒவ்வொன்றும் நல்ல கனம். அதை டிரக்கின் பக்கவாட்டில் தொங்கும் கொக்கியிலிருந்து இறக்கி, முறுக்கில்லாமல் தரையில் விரித்து, குறுக்குச் சங்கிலிகளின் கொக்கி வாய் டயரைக் கடிக்காமல் வெளியே பார்க்கும்படி திருப்பி, தோளுக்குத் தூக்கி டயர் மேல் போர்த்த வேண்டும். அப்புறம்தான் சிரமமே. உள்பக்கக் கொக்கியைக் கண்ணால் பார்க்க முடியாது. சேற்றுப்பனியில் ஒருக்களித்துப் படுத்து, டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையை விட்டு, தடவித் தடவி மாட்ட வேண்டும். சாலையில் தூவிய உப்பும் மணலும் கலந்த தண்ணீர் சட்டைக் கைக்குள் ஓடும். கனமான கையுறை போட்டால் கொக்கி பிடிபடாது, கழற்றினால் இரும்பு விரலில் ஒட்டும், இதனால் பாதிப் பேர் ஒரு கையில் கையுறையும் ஒரு கையில் வெறும் விரலுமாக வேலை செய்வார்கள். வெளிக்கொக்கியை மாட்டி, இறுக்கும் பூட்டுகளைக் கம்பியால் ஒவ்வொன்றாகத் திருகி, ரப்பர் பட்டையைக் குறுக்கே இழுத்து மாட்டினால் ஒரு பக்கம் முடிந்தது. இப்படி டிரைவ் சக்கரங்களுக்கு, அப்புறம் டிரெய்லருக்கு. எல்லாம் மாட்டி வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு மறுபடி இறங்கி இறுக்க வேண்டும், ஏனென்றால் முதல் சில நூறு அடியில் சங்கிலி தளரும், தளர்ந்த சங்கிலி அறுந்தால் காற்றுக் குழாயையும் மட்கார்டையும் அடித்துக் கிழித்துவிடும். கூட ஒரு கிளீனர் கிடையாது, ஒற்றை ஆள். முதுகுக்குப் பின்னால் சில அடி தூரத்தில் மற்ற வண்டிகள் சறுக்கிக்கொண்டு போகும்.

அதே ஓரத்தில் மஞ்சள் சட்டையும் எண் போட்ட வில்லையுமாகச் சிலர் நிற்பார்கள். கார்களுக்குச் சங்கிலி மாட்டித் தருபவர்கள். கால்ட்ரான்ஸின் ஊழியர்கள் அல்ல, அதனிடம் அனுமதி வாங்கித் தனியாகத் தொழில் செய்பவர்கள். சங்கிலியை விற்கவோ வாடகைக்குவிடவோ அவர்களுக்கு அனுமதியில்லை, மாட்டிவிடும் கூலி மட்டும்தான். ஒரு காருக்கு மாட்ட முப்பது, நாற்பது டாலர் வாங்குவார்கள், பத்து நிமிட வேலை. கூலி கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வில்லை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று கால்ட்ரான்ஸே மக்களுக்குச் சொல்கிறது. அவர்கள் வாங்குவது நியாயமான கூலிதான், அதில் எனக்குத் துளியும் மனக்குறை இல்லை. ஆனால் அவர்களுக்குப் பத்தடி தள்ளி, அதைவிடப் பல மடங்கு கனமான சங்கிலியோடு படுத்துக் கிடக்கும் டிரக் டிரைவரின் அதே வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதே பல கம்பெனிகளுக்குத் தோன்றுவதில்லை.

இதன் வேர் மைல் கணக்கில்தான். அமெரிக்காவில் நெடுந்தூர டிரைவர்கள் பெரும்பாலானோர் ஓடிய மைலுக்குச் சம்பளம் வாங்குகிறார்கள். 1938இல் வந்த நியாய உழைப்புத் தரச் சட்டம் வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரைப் பங்கு கூலி என்றது, ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் டிரைவர்களை அந்த ஓவர்டைம் விதியிலிருந்து அப்போதே விலக்கிவிட்டது. மிஞ்சியது குறைந்தபட்சக் கூலி மட்டும். கூட்டாட்சி அளவில் அது 2009இலிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது, அதையும் வாரம் முழுவதற்கும் சராசரி எடுத்துத்தான் பார்ப்பார்கள். பாஜி அந்த வாரம் 60 மணி நேரம் வேலை செய்து 2,000 மைல் ஓடினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 டாலர், மணிக்கு 20. பனியில் கிடந்த நாலரை மணி நேரம் அந்தச் சராசரிக்குள் கரைந்து காணாமல் போய்விடும். கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தப்பும் செய்யவில்லை.

கலிபோர்னியாவில் கதை வேறு. இங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி தனித்தனியாகக் கிடைத்தாக வேண்டும், ஒரு மணி நேரத்தின் நல்ல கூலியை எடுத்து இன்னொரு மணி நேரத்தின் பூஜ்யத்தை நிரப்பக் கூடாது என்று 2005இல் ஆர்மென்டா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு 2016 ஜனவரி முதல் தொழிலாளர் சட்டத்தில் 226.2 என்ற பிரிவு அமலுக்கு வந்தது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் ஊழியர் (மைலும் எண்ணிக்கைதான்) அந்த எண்ணிக்கையோடு நேரடியாகச் சம்பந்தப்படாத நேரத்தை முதலாளியின் கட்டுப்பாட்டில் செலவழித்தால், அதற்குத் தனியாக மணிக்கூலி தர வேண்டும், அந்த நேரத்தையும் கூலியையும் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டவும் வேண்டும். 2016இல் இதே மாநிலத்தின் வால்மார்ட் டிரைவர்கள், வண்டியைச் சோதிக்கும் நேரம், இடைவேளை, வழியில் தங்கும் நேரம் இவற்றுக்கெல்லாம் கூலி வரவில்லை என்று தொடுத்த வழக்கில் ஜூரி 5 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பாஜியின் சீட்டை இப்போது இந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2025இல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். சங்கிலி மாட்டிக் கழற்றியது ஒன்றரை மணி நேரம், அதற்கு 24.75 வர வேண்டும். வந்தது 20. அதாவது போனஸ் மாதிரி தனியாகக் கொடுத்த அந்தச் "செயின்" பணமே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே. ஆப்பிள்கேட்டில் மூன்று மணி நேரம் நின்றதற்கு 49.50 வர வேண்டும், வந்தது ஒன்றுமில்லை. ஆக 54.25 டாலர் பாக்கி. பாஜிக்கு ஏன் ஏமாந்த மாதிரி இருந்தது என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தொகையைக் கையில் வைத்தபோது மீதி மூன்று மணி நேரம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

கம்பெனி தரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும், அது வெறும் சாக்கு இல்லை. முதலாளி சொன்னார்: சங்கிலி மாட்டாமல் அந்த மைலை ஓட்டவே முடியாது, ஆக அது மைலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வேலைதான், மைல் கூலிக்குள் அடக்கம். இந்தக் கேள்வியை முன்னிட்டு ஒரு வழக்கு போனால் இரண்டு பக்கமும் வக்கீல்கள் பேச இடம் இருக்கிறது. ஆனால் வண்டியைச் சோதிக்காமலும்தான் மைல் ஓட்ட முடியாது, அதற்கே தனிக்கூலி என்று ஆன பிறகு சங்கிலிக்கு மட்டும் வேறு நியாயம் எப்படி வரும்? போலீஸ் நிறுத்தி வைத்த மூன்று மணி நேரத்துக்கு அந்த வாதமும் ஒட்டாது. டயர் உருளவே இல்லை, அவரால் வண்டியை விட்டுப் போகவும் முடியாது, வரிசை நகர்ந்தால் நகர வேண்டும்.

இதே வேலையை அவர் 700 மைல் வடக்கே, சியாட்டிலுக்குக் கிழக்கே ஸ்னோகுவால்மி கணவாயில் செய்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. வாஷிங்டன் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை கனரக வண்டிகள் சங்கிலி வைத்திருந்தே ஆக வேண்டும். ஆனால் 2019இல் நைட் டிரான்ஸ்போர்டேஷன் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், மைல் கூலி வாங்கும் டிரைவருக்கு ஓட்டாத நேரத்துக்குத் தனியாக மணிக்கூலி தரத் தேவையில்லை, வாரச் சராசரி குறைந்தபட்சக் கூலியைத் தொட்டால் போதும் என்று தீர்ப்பளித்தது. அதே பனி, அதே இரும்பு, அதே முதுகுவலி, மாநில எல்லை மாறினால் கூலி பூஜ்யம். எனக்கு இது சரியாகவே படவில்லை.

கொலராடோவில் இன்னும் கண்கூடாகத் தெரியும். ஐ-70இல் மாரிசனுக்கும் டாட்செரோவுக்கும் இடையே செப்டம்பர் 1 முதல் மே 31 வரை டிரக்குகளில் சங்கிலி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 50 டாலர் அபராதமும் 17 டாலர் கூடுதல் கட்டணமும். மாட்டச் சொன்னபோது மாட்டாவிட்டால் 500 டாலரும் 79ம். மாட்டாமல் போய் சாலையை அடைத்துக்கொண்டால் 1,000 டாலரும் 157ம். மாட்டாமல் விட்டால் எவ்வளவு என்பதை டாலர் சுத்தமாக எழுதிவைத்த சட்டம், மாட்டினால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பணம் மட்டும் என்றால்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். நேரமும் போகிறது. கூட்டாட்சி விதிப்படி டிரைவர் வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். சங்கிலி மாட்டும் நேரம் ஓட்டும் கணக்கில் வராது, ஆனால் பணி நேரம், அதனால் அந்த 14ஐத் தின்றுகொண்டே இருக்கும். மோசமான வானிலைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் கிளம்பும்போது தெரியாத, தெரிந்திருக்க வாய்ப்பில்லாத வானிலைக்கு மட்டும். அன்று காலையிலேயே கால்ட்ரான்ஸ் சங்கிலிக் கட்டுப்பாடு அறிவித்தாகிவிட்டது, வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்சருக்கும் தெரியும், ஆகவே அந்தச் சலுகை பாஜிக்குக் கிடையாது. வழக்கமாக அன்றைக்கே திரும்பி 270 மைலையும் முடித்து 162 டாலர் பார்ப்பவர், இரவு ஸ்பார்க்ஸில் வண்டிக்குள்ளேயே படுத்தார். திரும்பும் 135 மைல் மறுநாளுக்குப் போனது, மறுநாள் ஓட்டம் அதற்கடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. இந்த இழப்பைப் பற்றி எந்தச் சட்டத்திலும் ஒரு வரிகூடக் கிடையாது. சில டிரைவர்கள் மணிக்கணக்கை மிச்சம் பிடிக்க, வரிசையில் நின்ற நேரத்தை ஓய்வு என்று பதிவேட்டில் போட்டுவிடுகிறார்கள். செய்யாதீர்கள். விதிமீறல் என்பது ஒரு பக்கம், கூலி கேட்க உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். பாஜி எல்லாவற்றையும் உள்ளபடி போட்டிருந்ததால்தான் இந்தக் கணக்கே சாத்தியமானது.

சரி, அப்படியானால் "செயின் பணம்" 20ஐ 50 ஆக்கிவிட்டால் தீர்ந்ததா? நிறைய டிரைவர்கள் கேட்பதும் அதைத்தான், பல கம்பெனிகள் ஆள் பிடிக்கும் விளம்பரத்தில் பெருமையாகப் போடுவதும் அதைத்தான். நான் இதில் மாறுபடுகிறேன். மாட்டினால் 50, ஒதுங்கி நின்றால் பூஜ்யம் என்றால், நிற்க வேண்டிய இரவில் ஒரு மனிதனை மலையேறச் சொல்லிப் பணம் கொடுக்கிறோம். சங்கிலி பிடிப்பைக் கூட்டும், ஆனால் பளிங்கு மாதிரி உறைந்த இறக்கத்தில் 80,000 பவுண்டு வண்டியைக் காப்பாற்ற அது போதாத நேரமும் உண்டு. கூட்டாட்சி விதி 392.14 நிலைமை ஆபத்தாகிவிட்டால் ஓட்டுவதை நிறுத்தச் சொல்கிறது, 1982இன் தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டம் உயிர்ப்பயத்தால் ஓட்ட மறுத்த டிரைவரை வேலையைவிட்டுத் தூக்கக் கூடாது என்கிறது, மீறினால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம். உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பயன்படுத்தும் இரவுக்குச் சம்பளம் இல்லையென்றால், வீட்டு வாடகை கட்ட வேண்டியவர் எத்தனை முறைதான் பயன்படுத்துவார்?

அதனால் நான் சொல்வது, மாட்டியதற்குப் பணம் கேட்காதீர்கள், மணிக்குப் பணம் கேளுங்கள். மாட்டினாலும், வரிசையில் நின்றாலும், இது வேண்டாம் என்று டிரக் நிறுத்தத்தில் ஒதுங்கினாலும் ஒரே மணிக்கூலி. அப்போதுதான் டிரைவர் சாலையைப் பார்த்து முடிவெடுப்பார், பணத்தைப் பார்த்து எடுக்க மாட்டார். இது ஒன்றும் புதுமை இல்லை. டிரைவர்களின் தொழிற்சங்கமான டீம்ஸ்டர்ஸின் தேசிய சரக்கு ஒப்பந்தத்தில், வண்டி பழுதானாலோ சாலை போக முடியாதபடி ஆனாலோ அந்த நேரத்துக்கு மணிக்கூலி என்று வெகுகாலமாக இருக்கிறது. சங்கம் இல்லாத கம்பெனிகளிலும் 226.2 பிரிவே ஒரு வழி விட்டுவைத்திருக்கிறது: வேலை செய்த எல்லா மணி நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாகக் கொடுத்து, அதற்கு மேல் மைல் கூலியைச் சேர்த்துக் கொடுத்தால், ஓட்டாத நேரக் கூலி என்ற கடமை நிறைவேறியதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கணக்கும் எளிது, தகராறும் இல்லை.

முதலாளியிடம் இதை நானும் பாஜியும் சேர்ந்துதான் பேசினோம். அவரும் பழைய டிரைவர், நயாக்கில் படுத்துச் சங்கிலி மாட்டியவர்தான். அவர் குறை உண்மையானது: கிடங்கு வாசலில் வண்டி காத்து நின்றால் சரக்குப் பிடித்துத் தரும் புரோக்கரிடம் தாமதக் கட்டணம் கேட்கலாம், மலையில் பனியில் நின்றால் அது இயற்கை என்று கைவிரித்துவிடுவார்கள். அந்த நாலரை மணி நேரத்தை அவர் கையிலிருந்துதான் போட வேண்டும். கடைசியில் பாக்கி 54.25 டாலரைக் கொடுத்தார். ஆப்பிள்கேட்டுக்கும் நெவாடா எல்லைக்கும் நடுவில் கட்டுப்பாடு இருக்கும் நாட்களில் ஓட்டாத நேரம் முழுவதற்கும் மணிக்கூலி, ஒதுங்கி நின்றாலும் அதே, என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தத் தடத்தின் வாடகையில் குளிர்காலக் கூடுதல் என்று ஒரு தொகையைப் புரோக்கர்களிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், சிலர் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறார்கள்.

நெவாடா பக்கம் நிற்கும் நேரம் இன்னும் பேசி முடியவில்லை. திரும்பி வரும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் டிரக்குகளை நிறுத்தினால் எந்த மாநிலச் சட்டம் என்று வாதம் வரும், அதனால் அதையும் எழுத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

கலிபோர்னியாவில் ஊழியராக மைல் கூலிக்கு ஓடுகிறவர்கள் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஓட்டாத நேரம் என்று தனி வரி இல்லையென்றால், பதிவேட்டிலிருந்து அந்த நாட்களின் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுகளைக் கம்பெனிகள் ஆறு மாதம்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டவை, அதைத் தள்ளிப்போடாதீர்கள். குறைந்தபட்சக் கூலி பாக்கியை மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் மூன்று ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.